இரவல் வீரர்களுக்கு வீடு கொடுத்த ஜெசிந்தா அக்கா

ஷரோனின் பெயர் கைபேசியில் தெரிந்தபோது நான் மெற்றோபொலிற்றன் லைன் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். ஹரோவில் ஏறி இரண்டு நிலையங்கள்கூடத் தாண்டவில்லை. ஜெசிந்தா அக்காவின் மகள் காலை எட்டு மணிக்கு என்னை அழைப்பதற்கு நல்ல காரணம் எதுவும் இருக்க முடியாது.

"மாமா, அம்மா போயிட்டா," என்றாள். "நித்திரையிலேயே போயிட்டா. பெயின் ஒண்டும் இருந்திருக்காது எண்டு டொக்டர் சொன்னவர்."

அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். ரயில் இரைச்சலில் கேட்கவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கினேன். வேலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. மேடையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தேன். ரயில்கள் வந்தன, போயின. ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத மனுசி நித்திரையில் போனார் என்பதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவர் யாரோ ஒருவரோடு வாதிட்டுக்கொண்டிருக்கும்போது போயிருக்க வேண்டும்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அறியாதவர்களுக்கும் சொல்லவேண்டும். ஜெசிந்தா அக்கா இலங்கையின் மன்னார்க் கரையில் உள்ள பேசாலையில் பிறந்தவர். மன்னாரை விட்டுக் கணவரோடு லண்டனுக்கு வந்து வால்தம்ஸ்டோவில் குடியேறினார். ஷரோனுக்கு நான்கு வயதாக இருந்தபோது கணவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். அந்த வருடமே கிழக்கு லண்டனில் உள்ள ஒரு சிறிய கால்பந்துக் கழகத்தில் வீரர்களின் ஜேர்சிகளைத் தோய்த்துக் காயப்போடுகிற வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கழகத்தில்தான் தன் மீதி வாழ்க்கையைக் கழித்தார். கழகத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு வழக்கின் கடைசியில் நடந்த சமரசத்தில், பெயர்கள் சொல்லுவதில்லை என்று நாங்கள் எல்லோரும் கையெழுத்திட்டிருக்கிறோம். என் கையெழுத்தும் அதில் இருக்கிறது. என் கையெழுத்துகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் அவரை முதலில் பார்க்கவில்லை, அவர் குரலைத்தான் கேட்டேன். அப்போது பிளேஸ்டோவில் ஓர் அறையில் இருந்துகொண்டு பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் செய்துகொண்டிருந்தேன். கூட வேலை செய்த ஒருவன் தான் போக முடியாத ஆட்டத்துக்கான சீட்டை என்னிடம் தந்தான். மழை பெய்துகொண்டிருந்தது. கூரையில்லாத பக்கத்தில் நின்றேன். எங்கள் ஆள் அடித்த கோலை லைன்ஸ்மன் கொடி தூக்கி மறுத்தபோது எனக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கிளம்பியது.

"டேய், கண்ணை எங்கையடா வைச்சிருக்கிறாய்? அது ஓஃப்சைட்டோ?"

திரும்பிப் பார்த்தேன். கழகத்தின் நீல மேலங்கி, தலையில் பிளாஸ்டிக் பை, கையில் ஈரத் துவாய்கள். நான் சிரித்துவிட்டேன்.

"தமிழோ?" என்றார்.

"ஓம் அக்கா."

"அப்ப ஏன் சும்மா நிக்கிறீர்? நீரும் கத்தும். எனக்குத் தொண்டை கட்டிப்போட்டுது."

கத்தினேன். அதற்குப் பிறகு நான் படித்து, ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் வீடு நிலம் வாங்கி விற்கும் பத்திரங்கள் பார்க்கிற வேலை எடுத்து, திருமணம் செய்து ஹரோவுக்குப் போன பிறகும், சனிக்கிழமைகளில் லண்டனைக் குறுக்காகக் கடந்து அந்த மைதானத்துக்கு வந்துகொண்டேயிருந்தேன். ரசிகர் சங்கத்தின் செயற்குழுவிலும் சேர்ந்தேன். அக்காதான் பெயர் கொடுத்தார். என்னைக் கேட்கவில்லை.

அவருடைய வேலையின் பெயர் காலத்துக்குக் காலம் மாறியது. செய்தது என்னவோ ஒன்றுதான்: ஆட்டக்காரர்களைப் பார்த்துக்கொள்வது. குறிப்பாக இரவல் ஆட்டக்காரர்களை. இங்கிலாந்தில் பெரிய கழகங்கள் தங்களிடம் ஆடுவதற்கு இடம் கிடைக்காத வீரர்களைச் சிறிய கழகங்களுக்கு ஒரு பருவத்துக்கோ அரைப் பருவத்துக்கோ இரவலாகக் கொடுக்கும். யார் எவ்வளவு சம்பளம் கொடுப்பது, எந்த நாளில் திரும்ப அழைப்பது என்றெல்லாம் ஒப்பந்தத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். அந்த ஆள் எங்கே தூங்குவான் என்பது ஒரேயொரு வரி. எங்கள் கழகத்தில் அந்த ஒரு வரி ஜெசிந்தா அக்காவின் வீட்டு மேல்மாடி. அங்கே இரண்டு அறைகள். இருபது வருடங்களில் அந்த அறைகளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், எல்லோருடைய பிறந்தநாளும் தெரியும்.

அவர் அவர்களை அணைத்துக் கொஞ்சுகிற ஆள் இல்லை. சோறும் போடமாட்டார். "கோழியும் பாஸ்ரவும் சாப்பிடச் சொல்லிக் கழகம் பேப்பர் குடுத்திருக்கு, அதைத்தான் குடுப்பன்," என்பார். ஆனால் அவர்கள் மனிதர்கள் என்பதை மற்றவர்கள் மறக்கும்போது அவரால் சும்மா இருக்க முடியாது. ஒரு ஜனவரி மாதக் கடைசி நாள். வீரர்களை மாற்றிக்கொள்ளுவதற்கு அன்றுதான் முடிவு நாள். நான் அவர் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், சங்கக் கடிதம் ஒன்றோடு இருந்தேன். மேலே டானியல் என்ற கோல்கீப்பர் பையன் இருந்தான். நான்கு மாதமாக எங்களுக்கு ஆடிக்கொண்டிருந்தான். மதியம் அவனுடைய பெரிய கழகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அவனை அன்றே வடக்கே இன்னொரு கழகத்துக்கு மாற்றியாயிற்று, ஒரு மணித்தியாலத்தில் கார் வரும், தயாராக இருக்கச் சொல்லுங்கள். அவனிடம்கூடச் சொல்லவில்லை, அக்காவிடம் சொன்னார்கள்.

"ஏலாது," என்றார் அக்கா. பிறகு ஆங்கிலத்தில் தொடர்ந்தார். "அவனுடைய உடுப்பு இன்னும் காயவில்லை."

மறுமுனையில் இருந்தவர் பகிடி என்று நினைத்திருப்பார். அக்கா பகிடி விடவில்லை. கார் வந்ததும் சாரதியைப் பின்தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கொடியில் தொங்கிய உடுப்புகளைக் காட்டி, அவை காய்ந்து, மடித்து, அந்தப் பையன் தாயோடு தொலைபேசியில் கதைத்து முடியும்வரை அவரை மூன்று மணித்தியாலம் தன் முன்னறையில் இருத்தி வைத்தார். கார் போன பிறகு கதவடியிலேயே நின்றார்.

"வாசிகசாலையில எடுத்த புத்தகத்துக்குக்கூட ரெண்டு கிழமை தவணை தருவினம் தம்பி," என்றார். "இவங்களுக்கு ஒரு மணித்தியாலம்."

இனி நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பதைச் சொல்லவேண்டும்.

எங்கள் கழகத்தை நடத்திவந்த உள்ளூர்க் குடும்பம் களைத்துப்போய்விட்டது. சிறிய கழகங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் வியாதி. சீட்டில் வருவது சம்பளத்துக்குப் போதாது. ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒருவர் தன் சட்டைப்பைக்குள் கைவைக்கவேண்டும். அந்த நேரத்தில்தான் வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவர் வந்து கழகத்தை வாங்கினார். அவரிடம் ஏற்கெனவே வேறு நாடுகளில் மூன்று கழகங்கள் இருந்தன. நல்ல மேலங்கி, மென்மையான குரல். முதல் நாளே தேநீர் ஊற்றுபவரின் பெயரைக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டார். வந்த முதல் வருடமே அவருடைய மற்றக் கழகங்களிலிருந்து ஏழு இரவல் வீரர்கள் வந்திறங்கினார்கள். நாங்கள் வெல்லத் தொடங்கினோம். மைதானத்தில் நிற்க இடமில்லை. ஒரு பருவத்தில் எனக்கு அறிமுகமில்லாதவர்கள்கூட என்னைக் கட்டிப்பிடித்தார்கள்.

அக்கா மட்டும் இருப்புக்கொள்ளாமல் அலைந்தார். அரைநேர இடைவெளியில் ஒரு வெள்ளைக்கார நண்பர் அவரிடம் வந்து, "இந்த வெளிநாட்டுக்காரர்களை நம்பக்கூடாது, என்ன?" என்று கேட்டார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"நானும் வெளிநாட்டுக்காரிதான், நீரும் வெளிநாட்டுக்காரர்தான். புது முதலாளி எங்கையிருந்து வந்தவர் எண்டு நான் கேக்கேல்லை. எத்தினை நாள் இருப்பார் எண்டுதான் கேக்கிறன்."

இரண்டாம் வருடம் முதலாளி ஒரு வேண்டுகோள் வைத்தார். மைதானத்தைக் கழகத்தின் பெயரிலிருந்து தன்னுடைய இன்னொரு கம்பனியின் பெயருக்கு மாற்றவேண்டும். அந்தக் கம்பனி அதைக் காட்டிக் கடன் எடுத்துப் புதிய பார்வையாளர் கூடம் கட்டும். கழகம் அந்தக் கம்பனியிடமிருந்து மைதானத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தொடர்ந்து ஆடும். ஆனால் பழைய குடும்பம் போகும்போது ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போயிருந்தது: ரசிகர் சங்கத்தின் சம்மதம் இல்லாமல் மைதானத்தைக் கைமாற்ற முடியாது. ஆகவே சங்கத்தில் வாக்கெடுப்பு நடக்கவேண்டும். செயற்குழு குத்தகைப் பத்திரத்தை என்னிடம் தந்தது. இது என் தொழில். இரண்டு மாலைகள் செலவழித்து வாசித்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அது மே மாதம். பருவம் முடிந்திருந்தது. சனிக்கிழமை காலை ஹரோவில் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகளை விட்டுவிட்டு மற்றப் பெற்றோரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். தெரு முனையில் அக்கா வருவதைக் கண்டேன். வால்தம்ஸ்டோவிலிருந்து ரயில் மாறி மாறி வந்திருந்தார். கைபேசியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"தம்பி, விதை வாங்கேல்லை," என்றார்.

"என்ன விதை?"

"புல் விதை. பருவம் முடிஞ்சால் கிரவுண்டைக் கிளறி விதை போடவேணும். ஒவ்வொரு மேயிலயும் போடுறது. பிராங்க் விதைக்கு ஓடர் எழுதிக் குடுத்தவர். ஒஃபிஸ் திருப்பி அனுப்பிப்போட்டுது. ரெண்டு தரம்."

பிராங்க் எங்கள் மைதானத்தைப் பராமரிப்பவர். முப்பது வருடமாக அந்தப் புல்லோடு வாழ்பவர்.

"அக்கா, அது ஏதோ ஒஃபிஸ் தாமதம். லீஸ் எல்லாம் கிளியராக் கிடக்கு. நான் வாசிச்சனான்."

"விதை வாங்காதவன் அடுத்த வருசம் விளையாட நினைக்கேல்லை தம்பி."

சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வைத்தியர், ஒருவர் என்னைப்போல் பத்திரம் பார்ப்பவர். அவர்களுக்கு முன்னால் இந்த மனுசி புல்லைப் பற்றிச் சத்தம் போட்டுக் கதைப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் கை நிற்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

"அக்கா," என்றேன், "நீங்கள் ஜேர்சி தோய்க்கிறதைப் பாருங்கோ. பத்திரம் வாசிக்கிறது என்ர வேலை."

அவர் முகம் மாறவில்லை. தலையை ஒருமுறை ஆட்டினார். "சரி," என்றார். வந்த வழியே நிலையத்துக்கு நடந்தார். நான் பின்னால் போகவில்லை. வைத்தியர் என்னிடம் "யார் அது?" என்று கேட்டார். "தெரிஞ்ச ஆள்," என்றேன்.

வாக்கெடுப்புக் கூட்டம் கழக மண்டபத்தில் நடந்தது. அக்கா எழுந்து ஒரேயொரு கேள்வி கேட்டார். இந்த வருடம் புல் விதை ஏன் வாங்கவில்லை? மேடையில் இருந்தவர் அவருடைய உச்சரிப்பு விளங்காததுபோல் நெற்றியைச் சுருக்கினார். அக்கா மறுபடியும் கேட்டார். மண்டபத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. கொடூரமான சிரிப்பு இல்லை. பழகிய ஆட்களின் சிரிப்பு. நானும் சிரித்தேன். பிறகு நான் எழுந்து பத்திரத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். நன்றாகப் பேசினேன். தீர்மானம் இலகுவாக நிறைவேறியது.

அடுத்த குளிர்காலத்தில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. சம்பளம் பிந்தியது. பிறகு வரவேயில்லை. மென்மையான குரல்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஜனவரியில், அந்தப் பருவத்துக்கு வந்திருந்த ஏழு இரவல் வீரர்களில் ஆறு பேரை ஒரே நாளில் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். மைதானத்தின் நடுப்பகுதி சேறாகிவிட்டது. பரிசோதகர் வந்து ஆடத் தகுதியில்லை என்று எழுதிவிட்டுப் போனார்; மாசியில் இன்னொரு தரம் வந்து அதையே எழுதினார். எங்கள் சொந்த ஆட்டங்களை வேறு ஊர் மைதானங்களில் ஆடித் தோற்றோம்.

திருப்பி அழைக்கப்படாத ஏழாவது ஆள் இம்மானுவேல். கானாவில் பிறந்தவன், இருபத்திரண்டு வயது. முதலாளியின் ஐரோப்பியக் கழகம் ஒன்றிலிருந்து வந்தவன். கார்த்திகை மாதம் சேற்றில் வழுக்கிக் கணுக்கால் உடைந்தது. கால் உடைந்தவனை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. சத்திரசிகிச்சை எங்கள் கழகத்தின் பொறுப்பு என்றது அனுப்பிய கழகம். அனுப்பியவர்களின் பொறுப்பு என்றது எங்கள் அலுவலகம். இரண்டுக்கும் முதலாளி ஒருவர்தான். அந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் அவன் அக்காவின் மேல்மாடியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தான். அவனுக்கான வாடகையும் நின்றுவிட்டது. அக்காவுக்கும் சம்பளம் இல்லை.

ஷரோன் பிறகு சொன்னாள், தான் கோபப்பட்டுத் தாயிடம் கேட்டாளாம், இது உங்கட பொறுப்பா என்று. அக்கா சொன்ன பதில்: "இல்லை. ஒருத்தற்ற பொறுப்பும் இல்லாத ஆள் எங்கை போறது?"

அவர் வீரர்களின் தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போனார். ஒருமுறை அல்ல, கிழமைக்கு ஒருமுறை. வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு அவர் குரலைக் கேட்டாலே தெரியும். பங்குனியில் சத்திரசிகிச்சைக்கு ஒழுங்கானது. போவதற்கு வாகனம் வேண்டும். அக்கா என்னை அழைத்தார். பள்ளிக்கூட வாசலுக்குப் பிறகு பத்து மாதமாக எங்களுக்குள் பேச்சில்லை.

"செவ்வாய்க்கிழமை லீவு எடுக்க ஏலுமோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் அக்கா."

வைத்தியசாலையில் இம்மானுவேலை உள்ளே கொண்டு போனபிறகு நாங்கள் இருவரும் நடைபாதையில் காத்திருந்தோம். அவர் கதிரையில் இருக்கவில்லை, நடந்துகொண்டிருந்தார். நானும் கூடவே நடந்தேன். சொல்லவேண்டியதைச் சொல்லத் தொடங்கினேன். ஹரோவில் நான் சொன்ன சொல், கூட்டத்தில் நான் பேசியது. அவர் கையை அசைத்து நிறுத்தினார்.

"அதை விடும். அந்தப் பத்திரத்தைத் திரும்ப வாசிச்சனீரோ?"

நான் வாசிக்கவில்லை. பத்து மாதமாக அந்தக் கோப்பு இருந்த அலுமாரியை நான் திறக்கவேயில்லை.

"பிழை எங்கையெண்டு பாக்காமல் மன்னிப்புக் கேட்டு எனக்கென்ன, உமக்கென்ன?" என்றார். "கொண்டுவாரும். இருந்து வாசிப்பம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவர் குசினி மேசையில் இருந்தார். நான் ஒவ்வொரு பந்தியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். தமிழில் சொல்ல முடியாமல் நான் தடுமாறிய இடங்களில் அவர் "நில்லும்" என்றார். அப்படித்தான் அது அகப்பட்டது. பதினேழாம் பக்கத்தில், பராமரிப்பு என்ற தலைப்பின் கீழ், கழகம் மைதானத்தை ஆடத் தகுந்த நிலையில் வைத்திருக்கவேண்டும் என்று ஒரு வரி. ஒரே பருவத்தில் இரண்டு பரிசோதனைகளில் தவறினால் நிலத்தின் உரிமையாளர் குத்தகையை முடித்துக்கொள்ளலாம். நான் முன்பு இரண்டு தரம் அதை வாசித்திருக்கிறேன். வழக்கமான வரி. எல்லாக் குத்தகையிலும் அதைப்போல் ஒன்று இருக்கும். ஆனால் குத்தகைக்கு எடுத்த கழகமும் முதலாளியுடையது, கொடுத்த கம்பனியும் அவருடையதுதான். விதை வாங்காமல் விட்டால் போதும். புல் சாகும், குத்தகை சாகும், நிலம் வெறும் நிலமாகும். அதில் வீடுகள் கட்டலாம்.

அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியில் விரலை வைத்தார். பிறகு கேட்டார், "இதை வைச்சு ஏதும் செய்ய ஏலுமோ?"

செய்ய ஏலும். தானே உண்டாக்கிய தவறைக் காட்டி ஒருவர் தன் குத்தகைக்காரரை வெளியேற்ற முடியாது என்று வாதிடலாம். ஆனால் அது வேண்டுமென்று செய்யப்பட்டது என்பதற்குச் சாட்சி வேண்டும். பிராங்க் தன் ஓடர்களின் பிரதிகளை எறியாமல் வைத்திருந்தார். ஓடர் திருப்பி அனுப்பப்பட்ட திகதிகள், யார் அனுப்பியது, என்ன சொன்னார் என்பதெல்லாம் அக்காவின் சமையலறைக் கலண்டரில் தமிழில் எழுதப்பட்டிருந்தன. என் அலுவலகத்தில் இருந்த மூத்த சட்டத்தரணி ஒருவர் ஊதியம் வாங்காமல் வழக்கை எடுத்தார். சங்கத்துக்கு நான் முன்பு எழுதிக் கொடுத்த அறிக்கை பிழையானது என்று நானே இன்னொரு அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டேன். சங்கக் கூட்டத்தில் அதை வாசிக்கும்போது பாதியில் நிறுத்தினேன். அக்கா முதல் வரிசையில் இருந்துகொண்டு, வாசியும் என்பதுபோல் தலையை நிமிர்த்தி நாடியை உயர்த்தினார்.

வழக்கு நீதிமன்றம்வரை போகவில்லை. கலண்டரின் மொழிபெயர்ப்பு மறுதரப்புக்குப் போன மூன்றாம் கிழமை சமரசத்துக்கு வந்தார்கள். கழகம் சங்கத்தின் கைக்கு வந்தது. மைதானம் நீண்ட குத்தகைக்குக் கிடைத்தது. அந்தப் பராமரிப்பு வரியை நானே வெட்டினேன்.

இதை வெற்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. லீக்கில் நாங்கள் இரண்டு பிரிவுகள் கீழே இறங்கினோம். அலுவலகத்தில் பாதிப் பேர் வேலையை இழந்தார்கள். அக்காவும் அவர்களில் ஒருவர். அவர் ஒரு பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலைக்குச் சேர்ந்து, சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் வந்து ஜேர்சி தோய்த்தார். அந்த வருடம் மே மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, சங்கத்து ஆட்கள் எண்பது பேர் ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கோல் கம்பம்வரை வரிசையாக நடந்து கையால் விதை தூவினோம். இம்மானுவேல் ஊன்றுகோலோடு வந்தான். பிராங்க் பின்னால் நின்று ஏசிக்கொண்டிருந்தார், கையால் தூவினால் சீராக விழாது என்று. அவர் சொன்னது சரி. அந்த வருடம் எங்கள் புல் திட்டுத் திட்டாகத்தான் முளைத்தது.

பள்ளிக்கூட வாசலில் நான் சொன்ன அந்தச் சொல்லை அக்கா ஒருநாளும் திருப்பிச் சொல்லிக் காட்டவில்லை. "நான் அப்பவே சொன்னனான்" என்றும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் யாருக்கும் அப்படி நிம்மதி கொடுக்கிற ஆள் இல்லை.

அடக்கப் பூசை வால்தம்ஸ்டோவில் அவருடைய பங்குக் கோவிலில் நடந்தது. நான் எதிர்பார்த்ததைவிட உயரமான ஆட்கள் பலர் பின்வரிசையில் நின்றார்கள். டானியலுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. இப்போது ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். இம்மானுவேல் பெல்ஜியத்திலிருந்து இரவுப் பேருந்தில் வந்து சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவனாக நடந்தான். இலேசாக நொண்டுகிறான். அங்கே சிறிய கழகம் ஒன்றில் ஆடுகிறான். நிரந்தர ஒப்பந்தம், இரவல் இல்லை என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னான். எனக்கு அடையாளம் தெரியாத ஒருவரிடம் நீங்கள் எத்தனை மாதம் அவர் வீட்டில் இருந்தீர்கள் என்று கேட்டேன். ஒன்பது நாள் என்றார். பிறகு அவரை வேறு கழகத்துக்கு மாற்றிவிட்டார்களாம். பதினான்கு வருடமாகப் பிறந்தநாளுக்கு அக்காவின் தொலைபேசி அழைப்பு வந்துகொண்டிருந்ததாம். போன மாதமும் வந்ததாம்.

குருவானவர் தன் மறையுரையில், இனி அவர் இளைப்பாறட்டும் என்றார். ஷரோன் திரும்பி என்னைப் பார்த்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். "She'd hate that, மாமா," என்று வாயசைத்தாள்.

அவர் இறப்பதற்கு நான்கு நாட்களுக்கு முன் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். எங்கள் கழகத்துக்கு இப்போது மறுபடியும் தட்டுப்பாடு. கூரை ஒழுகுகிறது, பெண்கள் அணிக்கு உடை மாற்ற அறை இல்லை. மறுபடியும் கடல் கடந்து ஒருவர் வந்து பாதிப் பங்கு கேட்கிறார். நல்லவராகவே தெரிகிறார். அக்காவின் குரல் மூச்சுவாங்கிக்கொண்டு கேட்கிறது.

"தம்பி, புதுக் கடதாசி வந்திட்டுதாம். அவசரப்பட்டு ஓம் எண்டும் சொல்லாதையும். பழசை நினைச்சுப் பயந்து இல்லை எண்டும் சொல்லாதையும். அந்தப் பெண் பிள்ளையள் வாகனத்துக்குள்ள நிண்டு உடுப்பு மாத்துதுகள், கூதலுக்குள்ள. காசு வேணும்தான். ஆனால் விளங்காமல் வாங்காதையும். வாசிச்சிட்டு எடும்."

நான் திருப்பி அழைக்கவில்லை. வாசித்து முடித்துவிட்டு அழைக்கலாம் என்று இருந்தேன்.

நேற்றுத்தான் அந்தப் பத்திரத்தைக் கையில் எடுத்தேன். சத்தமாகத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் தமிழில் வரவில்லை. கழகம் எத்தனை இரவல் வீரர்களை எந்த நிபந்தனையில் ஏற்கவேண்டும் என்பதைப் பற்றிய வாக்கியம். மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. இன்று காலை மறுதரப்புச் சட்டத்தரணியை அழைத்தேன். இளம் பெண், கெட்டிக்காரி. இது வழக்கமான சொற்றொடர்தான், உங்களுக்குத் தெரியாததல்ல என்று மரியாதையாகச் சொன்னார்.

இருபத்தாறு வருடங்களாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு சட்டத்தரணியிடம், என் வயதில் பாதி வயதுடைய ஒருவரிடம், நான் ஒருநாளும் சொல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னேன்.

"எனக்கு விளங்கவில்லை. முதலிலிருந்து சொல்லுங்கள்."

மறுமுனையில் அவர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "உண்மையில்," என்றார் அவர், "எனக்கும் அது சரியாக விளங்கவில்லை. நான் கேட்டுவிட்டு அழைக்கட்டுமா?"

கேட்டுவிட்டு அழையுங்கள் என்றேன். ஜெசிந்தா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, எனக்கு விளங்கவில்லை என்ற அந்த வாக்கியம் ஒன்றுதான். அதைச் சொல்லும்போது இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்தோடேயே சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.